மூன்று நிமிஷச் சட்டம்

ஆர்மண்ட் பெல்கி செப்டிக் டேங்க் லாரி ஓட்டுகிறவர். அதே ஆர்மண்ட் பெல்கிதான் ஹார்லோ ஊருக்கு மாநிலச் சட்டசபை உறுப்பினரும். இதைக் கேட்டு யாராவது சிரித்தால் அவர் வெளியூர்க்காரராகத்தான் இருக்க வேண்டும். எங்கள் சபையில் நானூறு பேர். வருஷத்துக்கு நூறு டாலர் சம்பளம். அந்தச் சம்பளத்துக்கு வேறு யார் வருவார்கள்? ரிட்டயரான டீச்சரம்மா வருவார், கோழிப் பண்ணைக்காரர் வருவார், ஊரார் வீட்டுக் கழிவை உறிஞ்சுகிறவரும் வருவார். நல்ல சபைதான், குறை சொல்வதற்கில்லை.

பதினெட்டு வருஷத்தில் ஆர்மண்ட் கொண்டுவந்து நிறைவேறியது ஒரே ஒரு சட்டம். சாலையோரக் கேமராக்கள் போகிற வருகிற காரின் நம்பரையெல்லாம் படிக்கின்றன அல்லவா, அவற்றைப் பற்றியது. திருட்டுக் கார், காணாமல் போனவர்களின் கார் என்று போலீஸ் ஒரு பட்டியல் வைத்திருக்கும். படித்த நம்பர் அந்தப் பட்டியலில் இருந்தால் கேமரா உடனே ஸ்டேஷனுக்குக் கத்திச் சொல்லலாம். இல்லாவிட்டால் மூன்று நிமிஷத்துக்குள் அதை மறந்துவிட வேண்டும். யார் எங்கே போனார், யார் வீட்டு வாசலில் நின்றார் என்று எதையும் சேர்த்து வைக்கக் கூடாது. சட்டம் அவ்வளவுதான், ஒன்றரைப் பக்கம்.

அந்த ஒன்றரைப் பக்கத்துக்குக் காரணம் அவருடைய தங்கை வெர்னா. அவள் புருஷன் வேறொரு மாநிலத்தில் போலீஸ்காரன். அடி தாங்காமல் அவள் மூன்று முறை ஓடினாள். மூன்று முறையும் அந்தப் படுபாவி ஸ்டேஷனில் உட்கார்ந்தபடியே கேமராப் பதிவைத் தட்டிப் பார்த்து, அவள் கார் எந்த ஊர் எந்தத் தெருவில் நிற்கிறது என்று கண்டுபிடித்துப் போய் நின்றான். மூன்றாம் முறை தாடையை உடைத்தான். நான்காம் முறை அவள் அண்ணன் ஊருக்கு வந்தாள். ஆர்மண்ட் அவளுக்கு மாடியைக் கொடுத்தார். அடுத்த வருஷமே சட்டத்தையும் எழுதினார். இன்றைக்கு வெர்னா எங்கள் ஊர் நூலகத்தில் வேலை பார்க்கிறாள். சாப்பிடும்போது தாடை இன்னும் 'டிக்' என்று சத்தம் போடும்.

இந்தச் சட்டத்தைத்தான் போன ஜனவரி நிறுத்திக் கேள்வி கேட்டது.

ஆர்மண்டின் மனைவி நோரீனுக்கு மறதி நோய். இரண்டு வருஷமாக முற்றிக்கொண்டே வந்தது. மூடிப் பல வருஷமான காகித ஆலையின் கேன்டீனில்தான் அவள் இருபத்தாறு வருஷம் வேலை பார்த்தாள். காலையில் எழுந்தால், "நேரமாச்சு, நேரமாச்சு, சூப் வைக்கணும்" என்று கோட்டைத் தேடுவாள். ஆர்மண்ட் கார்ச் சாவியை மாவு டப்பாவுக்குள் ஒளித்து வைத்திருந்தார். அந்தப் பாழாய்ப்போன நோய் அவளுக்குக் கூடப் பிறந்த தங்கையின் பெயரை மறக்கடித்தது, பல் தேய்ப்பதை மறக்கடித்தது, மாவு டப்பா இருக்கிற இடத்தை மட்டும் மறக்கடிக்கவில்லை.

ஜனவரி முதல் செவ்வாய்க்கிழமை. ஆர்மண்ட் ஏழரை மணிக்கு ஒரு விடுதியில் டேங்க் சுத்தம் செய்யப் போய்விட்டார். பக்கத்து வீட்டம்மா எட்டு மணிக்கு வந்து துணைக்கு உட்கார வேண்டும். வாசலில் பனி குவிந்து கிடந்ததால் எட்டேகாலுக்கு வந்தார். வீடு திறந்து கிடந்தது. நோரீனும் இல்லை, நீலக் காரும் இல்லை.

பக்கத்து வீட்டம்மாவின் போன் வந்ததும் ஆர்மண்ட் குழாயை அப்படியே போட்டுவிட்டு லாரியில் ஏறி ஸ்டேஷனுக்கு ஓடினார். ஸ்டேஷனில் பொறுப்பாளர் வெய்ன் ஸ்டிக்னி இருந்தார். பள்ளிக்கூட நாளிலிருந்து கூட்டாளி.

"யோவ், பதறாத. உட்காரு," என்றார் ஸ்டிக்னி. கை ஏற்கெனவே கம்ப்யூட்டரில் இருந்தது. "நீலக் காரு. நம்பர் எனக்கா தெரியாது? அவ பேருதானே."

"ஆமா, அவ பேருதான்," என்றார் ஆர்மண்ட்.

எங்கள் மாநிலத்தில் இது ஒரு பைத்தியம். பாதிப் பேர் நம்பருக்குப் பதிலாகப் பேரையோ, நாயின் பேரையோ, பிடித்த மீனின் பேரையோ பிளேட்டில் எழுதி வாங்கிக்கொள்வார்கள். நோரீனின் பிளேட்டில் பத்தொன்பது வருஷமாக NOREEN என்றுதான் இருந்தது. தெருவில் போனால் சின்னப் பிள்ளைகள்கூடப் பேர் சொல்லிக் கையாட்டும்.

ஸ்டிக்னி பேரை எழுத்து எழுத்தாகத் தட்டினார். எட்டு முப்பத்தாறுக்கு அது பட்டியலில் ஏறியது. ஆற்றுப் பாலத்தில் ஒரு கேமரா இருக்கிறது. வடக்கே காட்டுக்குப் போக அதைவிட்டால் வேறு வழி கிடையாது. பாலத்திலிருந்து இரண்டு நிமிஷ தூரத்தில் ஒரு போலீஸ் காரை என்ஜினை அணைக்காமல் நிறுத்தி வைத்தார்கள். கேமரா கத்தினால் பாய வேண்டியதுதான்.

"உன் சட்டப்படியே எல்லாம் நடக்குது பாத்தியா?" என்று ஸ்டிக்னி சிரிக்கப் பார்த்தார். "பாலத்தைத் தாண்டினா மாட்டிக்குவா. தாண்டலைன்னா கேன்டீனுக்குத்தான், வேற எங்க போவா?"

கேமரா கத்தவே இல்லை. பத்து மணியானது, பன்னிரண்டானது. தெற்கே தேடினார்கள், பழைய ஆலையைச் சுற்றித் தேடினார்கள். பாலம் சத்தம் போடாததால் வடக்கே யாருமே போகவில்லை.

மறுநாள் மத்தியானம், பாலத்துக்கு வடக்கே இருபத்திரண்டு மைல் தள்ளி, மரம் வெட்டுகிறவர்களின் பாதையில், பனிவண்டி ஓட்டி வந்த ஒருவன் அந்தக் காரைப் பார்த்தான். பெட்ரோல் தீர்ந்து நின்றிருந்தது. நோரீன் அதிலிருந்து இறங்கி நானூறு அடி நடந்திருந்தாள். காலில் வீட்டுச் செருப்பு. ஒரு மரத்தடியில் கோட்டின் பித்தான்களையெல்லாம் ஒழுங்காகப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், உயிரில்லாமல்.

ஆர்மண்டை அங்கே அழைத்துப் போனதும் ஸ்டிக்னிதான். அவளைப் பார்த்துவிட்டு ஆர்மண்ட் காரின் பக்கம் திரும்பினார். பின்பக்கப் பிளேட்டைப் பார்த்தார். அதில் NOREEN இல்லை. சபை முத்திரையும் 214 என்ற நம்பரும் இருந்தன.

சபை உறுப்பினர்கள் ஒவ்வொருவருக்கும் ஆசன எண் போட்ட பிளேட் கொடுப்பார்கள். கூட்டத்தொடர் நடக்கும்வரை காரில் அதை மாட்டிக்கொள்ளலாம். நாற்றமடிக்கிற லாரியில் தலைநகருக்குப் போக முடியுமா? அதனால் ஆர்மண்ட் வருஷா வருஷம் ஜனவரியில் மனைவியின் காரில் அதை மாட்டுவார், ஜூனில் கழற்றுவார். இந்த முறையும் ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போய் வந்து, முன்னாலும் பின்னாலும் மாட்டி, NOREEN பிளேட்டைத் துடைத்துக் கொட்டகை ஆணியில் தொங்கவிட்டார். புதன்கிழமைதான் முதல் கூட்டம். செவ்வாய்க்கிழமை அவள் போய்விட்டாள். இரண்டே நாளில் சுத்தமாக மறந்து போயிருந்தார்.

"வெய்ன்," என்றார். பிளேட்டைக் கையால் காட்டினார்.

ஸ்டிக்னியும் பார்த்தார். காரின் கதவைத் திறந்தார். முன்சீட்டில் ஒரு காகிதப் பை கிடந்தது: காபிக் கோப்பை, சாப்பிடாத இரண்டு டோனட், பெட்ரோல் பங்க் கடை ரசீது. பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கிற கடை. ரசீதில் நேரம் ஒன்பது மணி நாலு நிமிஷம்.

அதாவது பேர் பட்டியலில் ஏறி அரைமணி நேரம் ஆன பிறகுதான் அவள் பாலத்தைக் கடந்திருக்கிறாள். கேமரா ஒழுங்காகத்தான் பார்த்தது. 214 என்று படித்தது, பட்டியலில் இல்லை என்று கண்டது, மூன்று நிமிஷத்தில் மறந்தது. சரியான நம்பரைச் சொல்லியிருந்தால் ஒன்பது மணி பத்து நிமிஷத்துக்கெல்லாம் அவள் போலீஸ் காரில், கம்பளி போர்த்திக்கொண்டு, சூப் வைக்கணும் என்று சண்டை போட்டுக்கொண்டிருப்பாள்.

"நான் உன்னைக் கேட்டிருக்கணும்," என்றார் ஸ்டிக்னி மெதுவாக. "கேக்காமலே தட்டிட்டேன். நீயும் ஆமான்ட்ட. ரெண்டு பேரும்தான்யா." ரசீதைப் பைக்குள் திரும்பப் போட்டார். "ரிப்போர்ட்ல நீலக் காருன்னு எழுதறேன். பிளேட்டைப் பத்தி யாரும் கேக்கப் போறதில்ல. உன் பொண்ணுக்கு அம்மா போனது போதும்."

ஆர்மண்ட் தலையாட்டினார். அந்தத் தலையாட்டலுக்காக அப்புறம் எத்தனையோ காலை தன்னையே நொந்துகொண்டார். அன்றைக்கு வேறென்ன செய்திருப்பார், சொல்லுங்கள்? மரத்தடியில் மனைவி உட்கார்ந்திருக்கிறாள்.

அவருடைய மகள் கோலெட் தெற்கே நகரத்தில் பல் மருத்துவமனையில் வேலை பார்க்கிறவள். அடக்கத்துக்கு வந்தவளிடம் யாரோ சொன்னார்கள், பேர் பட்டியலில் ஏறுவதற்கு முன்பே பாலத்துக் கேமரா உன் அம்மாவைப் பார்த்திருக்கும், அப்பாவின் சட்டத்தால்தான் அழித்துவிட்டது என்று. அவள் அப்பாவைத் திட்டவில்லை. அதுதான் கொடுமை.

"நீங்க நல்லதுக்குத்தான் எழுதினீங்கப்பா," என்றாள், அவர் கையைப் பிடித்துக்கொண்டு. "இப்படி ஆகும்னு யாருக்குத் தெரியும்? இதை மாத்தணும். வேற யாரோட அம்மாவும் இப்படிப் போகக் கூடாது."

பிப்ரவரியிலேயே தெற்கத்தி உறுப்பினர் ஒருவர் மசோதாவைக் கொண்டுவந்துவிட்டார்: கேமராப் பதிவுகளைத் தொண்ணூறு நாள் வைத்திருக்கலாம், எந்தப் போலீஸும் பார்க்கலாம். அதற்கு நோரீன் சட்டம் என்று பேரும் வைத்தார்கள். கோலெட் சனி ஞாயிறு தவறாமல் ஊருக்கு வந்து வீடு வீடாகக் கையெழுத்து வாங்கினாள். பனி உருகிப் பாதையெல்லாம் சேறானதும் அவளுடைய சின்னக் கார் புதைந்தது. அதனால் ஆர்மண்ட் லாரியில் அவளை அழைத்துப் போனார்.

ஒவ்வொரு வாசலிலும் அவள் அம்மாவைப் பற்றிச் சொல்வாள், சொல்லும்போது அழுவாள். ஆர்மண்ட் தொப்பியைக் கையில் பிடித்தபடி பக்கத்தில் நிற்பார். வீட்டுக்காரர்கள் அவர் தோளைத் தட்டுவார்கள். திரும்பி வந்து லாரியில் ஏறியதும் கைக்குட்டையை எடுத்துக் கொடுப்பார். இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று நினைப்பார். அவள் மூக்கைச் சிந்திவிட்டு, "அடுத்தது யாரு வீடுப்பா?" என்பாள். சொல்லாமல் கியரைப் போடுவார்.

ஏப்ரலில் சபைக் குழு மசோதாவை எடுத்துக்கொண்டது. எங்கள் மாநிலத்தில் எந்த மசோதாவானாலும் குழுவுக்கு முன்னால் பொதுமக்கள் பேசலாம்; யார் வேண்டுமானாலும் அட்டையில் பேரையும், ஆதரவா எதிர்ப்பா என்பதையும் எழுதிக் கொடுத்துவிட்டு உட்காரலாம். முந்தின சனிக்கிழமை ஆர்மண்ட் குப்பை கொட்டும் இடத்துக்குப் போனார். ஊரே அன்றைக்கு அங்கேதான் இருக்கும். வெர்னா அட்டைப்பெட்டி போடும் தொட்டியிலிருந்து காலிப் பெட்டிகளை எடுத்துத் தன் காரில் அடுக்கிக்கொண்டிருந்தாள். எல்லோரும் கொட்ட வருகிற இடத்தில் இவள் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"என்னத்துக்கு இத்தனை பெட்டி?"

"சாமான் கட்டத்தான், வேற என்னத்துக்கு? கல்யாணச் சீரா அனுப்பப் போறேன்?" என்றாள் வெர்னா. பிறகு குரலைத் தாழ்த்தினாள். "தொண்ணூறு நாள்ங்கறாங்க அண்ணே. இங்க ஏதாவது ஒரு ஸ்டேஷன்ல அவனுக்குக் கூட்டாளி ஒருத்தன் இருந்தாப் போதும். ஒரு போன் பண்ணுவான். எனக்கு அறுபத்தி நாலு வயசு. ஓடறதுக்குத் தெம்பில்ல, ஆனா ஓடித்தான் ஆகணும்."

"நீ எங்கேயும் போக வேண்டாம்."

"கோலெட்டை நான் குத்தம் சொல்லல. போனது அவ அம்மா. நோரீன் எனக்கும் எத்தனை நாள் சூப் ஊத்தினவ. நீ உன் பொண்ணு பக்கமே நில்லு. நான் எங்கேயாவது பாத்துக்கறேன்."

ஆர்மண்ட் பெட்டிகளை மடித்து அவள் காரில் ஏற்றிக் கொடுத்தார்.

செவ்வாய்க்கிழமை அப்பாவும் மகளும் ஒரே வண்டியில் தலைநகருக்குப் போனார்கள். நீலக் கார் தார்ப்பாய்க்கு அடியில் கிடந்தது. அதைத் தொட அவருக்கு மனசில்லை, லாரிதான். வழியெல்லாம் கோலெட் காகிதத்தைப் பார்த்து முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். குழு அறை வாசலில் ஆர்மண்டும் ஓர் அட்டை எழுதினார். என்ன எழுதினார் என்று அவள் பார்க்கவில்லை, பார்க்கத் தோன்றவுமில்லை.

கோலெட் நன்றாகப் பேசினாள். குழுவில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்தார்கள். அடுத்து ஸ்டிக்னி சீருடையில் வந்து, பதிவுகள் இருந்தால் போலீஸுக்கு உதவியாக இருக்கும் என்று நாலு வரி சொன்னார். நோரீன் பேரை எடுக்கவே இல்லை. எடுக்காமல் உட்கார்ந்தவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஹார்லோ உறுப்பினர் பெல்கி," என்று கூப்பிட்டார் தலைவரம்மா. அட்டையைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைச் சரி செய்தார். "எதிர்ப்புன்னு போட்டிருக்கீங்களே. தப்பா எழுதிட்டீங்களா?"

"இல்லங்க. எதிர்ப்புதான்."

அறையில் நாற்காலிகள் கிறீச்சிட்டன. ஆர்மண்ட் சாட்சி மேசையில் உட்கார்ந்து மைக்கைத் தன் பக்கம் இழுத்தார். பதினெட்டு வருஷமாக அந்த அறையில் அந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டவர். அன்றைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்தார்.

"என் மனைவி பாலத்தைக் கடந்தது ஒன்பது அடிச்சதுக்கு அப்புறம்," என்றார். "போலீஸ் பட்டியல்ல எட்டு முப்பத்தாறுக்கே பேரு ஏறிடுச்சு. கேமரா பார்த்துச்சு. சட்டத்துல இருக்கற மாதிரியே பார்த்துச்சு. ஆனா காருல இருந்தது வேற நம்பர். சபை பிளேட்டு. அதை மாட்டினது நான். மாட்டினதை மறந்துட்டு, ஸ்டேஷன்ல பேரைச் சொன்னப்ப ஆமான்னு சொன்னதும் நான். சரியான நம்பரைச் சொல்லியிருந்தா இந்தச் சட்டத்தை வச்சே அவளைப் பிடிச்சிருக்கலாம். சட்டம் அவளைக் கொல்லல. நான்தான் தொலைச்சேன்."

ஸ்டிக்னி எழுந்து, "கேக்காம தட்டினது நானு," என்றார். தலைவரம்மா அவரைக் கையமர்த்தினார், அவர் உட்காரவில்லை.

"இன்னொண்ணு," என்றார் ஆர்மண்ட். "இந்தச் சட்டத்தை நம்பி ஊருல ஒரு பொம்பளை உசிரோட இருக்கா. சாமானைக் கட்டிட்டு உட்கார்ந்திருக்கா. என் தப்புக்கு அவளை விலையாக் குடுத்துடாதீங்க. அவ்வளவுதான்."

"உறுப்பினர்கிட்ட யாருக்காவது கேள்வி உண்டா?" என்று குழுவைப் பார்த்துக் கேட்டார் தலைவரம்மா.

"எனக்கு இருக்கு."

கோலெட் எழுந்து நின்றிருந்தாள். கேட்க வந்தவர்கள் கேள்வி கேட்கக் கூடாது என்பது விதி. தலைவரம்மா சுத்தியலை எடுத்தார், அவள் முகத்தைப் பார்த்தார், சுத்தியலைத் திரும்ப வைத்துவிட்டார்.

"உங்களுக்கு இது எப்போ தெரியும்?"

"கார் கிடைச்ச அன்னிக்கே."

"ஜனவரியிலயே."

"ஆமா."

"அறுபத்து மூணு வீடுப்பா," என்றாள் கோலெட். குரல் உயரவே இல்லை. "அறுபத்து மூணு வாசல்ல நின்னு அழுதேன். ஒவ்வொரு தடவையும் நீங்க கைக்குட்டை குடுத்தீங்க. துவைச்சு, மடிச்சு, அடுத்த வாரம் மறுபடியும் கொண்டாந்து குடுத்தீங்க."

ஆர்மண்ட் மைக்கிலேயே சொன்னார்: "ஆமா."

"பிளேட்டை மறந்ததை நான் மன்னிச்சிருப்பேன். அம்மா எதையெல்லாம் மறந்தா, அதையே மன்னிக்கலையா? ஆனா என்னை அழ விட்டுப் பாத்துக்கிட்டு நின்னீங்களே. அதை நான் என்னப்பா பண்ணட்டும்?"

கோலெட் தன் காகிதங்களை எடுத்துக்கொண்டாள், வரிசையில் உட்கார்ந்திருந்தவர்களிடம் வழி கேட்டு, ஒவ்வொருவரிடமும் மன்னிக்கணும், மன்னிக்கணும் என்று சொல்லிக்கொண்டே வெளியே போனாள்.

மத்தியானம் குழு ஓட்டெடுத்தது. மசோதா பதினைந்துக்கு மூன்றில் விழுந்தது. ஆர்மண்ட் நடைபாதையிலிருந்து வெர்னாவுக்குப் போன் செய்து, பெட்டியைப் பிரி என்று சொன்னார். அவள் அழுதாள். கோலெட் எப்படி இருக்கிறாள் என்று கேட்டாள். நல்லா இருக்கா என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

பிறகு வண்டி நிறுத்துமிடத்துக்குப் போய் லாரியில் ஏறி உட்கார்ந்தார். பக்கத்து சீட்டில் கிடந்த தன் கோட்டை எடுத்துப் பின்னால் போட்டு, இடம் பண்ணி வைத்தார். மூன்று மணியானது, நாலானது. உறுப்பினர்கள் ஒவ்வொருவராகக் காரை எடுத்துக்கொண்டு போனார்கள். சிலர் அவரைப் பார்த்துக் கையை உயர்த்தினார்கள், சிலர் பார்க்காத மாதிரி போனார்கள். ஐந்து மணிக்குக் காவல்காரர் வந்து கண்ணாடியைத் தட்டினார்.

"யாருக்குங்க வெயிட் பண்றீங்க?"

"என் மகளுக்கு."

"உள்ள ஒருத்தரும் இல்லீங்களே. அந்தப் பொண்ணு காலையிலயே பஸ் ஸ்டாப்புக்குப் போயிருச்சு. நான்தான் வழி சொன்னேன்."

"தெரியும்," என்றார் ஆர்மண்ட். "கொஞ்ச நேரம் இருந்துட்டுப் போறேன்."